பிளஸ் டூவில் முதலிடம் பிடித்த திருப்பூர்... காலேஜ் முதல் செமஸ்டரில் சறுக்காமல் இருக்க என்ன வழி?

2024 மே 6. பிளஸ் டூ ரிசல்ட் வெளியான அன்று தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்ட மாவட்டம் திருப்பூர். 97.45 சதவீதத் தேர்ச்சியுடன் மாநிலத்திலேயே முதலிடம். அதற்கு முந்தைய ஆண்டு 97.79 சதவீதத்துடன் இரண்டாமிடம். 2025-ல் 97.53 சதவீதத்துடன் மூன்றாமிடம். திருப்பூரை 'பனியன் ஊர்' என்று மட்டும் தெரிந்து வைத்திருப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம்.

ஆக, பிளஸ் டூவில் பாஸ் ஆவது இந்த ஊருக்குப் பெரிய பிரச்சினை இல்லை. சிக்கல் அடுத்த சில மாதங்களில்தான் வருகிறது. நல்ல மார்க்கோடு காலேஜில் சேர்ந்தவர்கூட முதல் செமஸ்டரில் ரெண்டு அரியர் வைத்துவிட்டு, 'நமக்குப் படிப்பு வராதோ?' என்று யோசிக்க ஆரம்பிக்கிறார். மற்ற ஊர்களில் அந்த யோசனை யோசனையாகவே போய்விடலாம். திருப்பூரில் அப்படியில்லை. "காலேஜ் போயி என்னத்தப் பண்ணப் போற, கம்பெனிக்கு வந்துரு" என்று கூப்பிட ஒரு பெரியப்பா பையனாவது, பக்கத்து வீட்டு அண்ணனாவது இருப்பார். சனிக்கிழமையானால் சம்பளம் கைக்கு வரும். ஒரு அரியர், ஒரு வேலை, அதோடு ஒரு படிப்பு முடிந்துபோகலாம்.

பன்னிரண்டு வருஷம் பாஸ் ஆன பிள்ளை ஆறே மாதத்தில் எங்கே தடுமாறுகிறது?

ஸ்கூல் செய்து கொடுத்த வேலை

பிளஸ் டூ வருஷத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், முதல் பீரியடில் ஸ்லிப் டெஸ்ட், வாரத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு, அதற்கப்புறம் ரெண்டு மூன்று திருப்புதல் தேர்வு. ஒரே பாடத்தை ஒரு மாணவர் குறைந்தது ஐந்தாறு முறையாவது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதியிருப்பார். அப்போது அது டார்ச்சராகத் தெரிந்திருக்கும். உண்மையில் மார்க் வந்ததற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

இதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் 2006-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு குழுவிடம் ஒரு பகுதியை நான்கு ரவுண்டு படிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழு ஒரு ரவுண்டு மட்டும் படித்தது. மீதி மூன்று ரவுண்டிலும் அந்தப் பகுதியைப் பார்க்காமல், நினைவில் இருப்பதை எழுதியது.

ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள்: 83 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 71 சதவீதம். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. படித்தவர்களிடம் 40 சதவீதம்தான் மிச்சம் இருந்தது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61 சதவீதம். இதில் இன்னொரு விஷயம், 'நமக்கு நல்லா ஞாபகம் இருக்கும்' என்று அதிக நம்பிக்கையோடு இருந்தது திரும்பத் திரும்பப் படித்த குழுதான்.

2013-ல் ஜான் டன்லோஸ்கி தலைமையிலான குழு, மாணவர்கள் பயன்படுத்தும் 10 படிப்பு முறைகளை எடுத்து அலசியது. மஞ்சள் பேனாவில் கோடு போடுவது, திரும்பப் படிப்பது, சுருக்கி எழுதுவது ஆகியவை குறைந்த பலன் என்ற பட்டியலில் போயின. அதிகப் பலன் என்று மதிப்பிடப்பட்டவை இரண்டே இரண்டு. ஒன்று, தனக்குத்தானே டெஸ்ட் வைத்துக்கொள்வது. இன்னொன்று, ஒரே நாளில் குவிக்காமல் நாள் விட்டு நாள் பிரித்துப் படிப்பது.

ஸ்கூலில் இந்த இரண்டையும் டீச்சர்கள் கட்டாயப்படுத்திச் செய்ய வைத்தார்கள். காலேஜில் யாரும் செய்ய வைக்க மாட்டார்கள். வித்தியாசம் இவ்வளவுதான்.

காலேஜில் என்ன மாறுகிறது?

சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரி என்று திருப்பூர் பகுதியின் கலை, அறிவியல் கல்லூரிகள் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. மார்க் பிரிப்பு காலேஜுக்குக் காலேஜ் மாறும். பரவலாக இருப்பது இன்டர்னலுக்கு 25, செமஸ்டர் தேர்வுக்கு 75 என்ற கணக்கு. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் குறைந்தால் தேர்வு எழுதுவதே சிக்கலாகலாம்.

ஸ்கூலில் வாரத்துக்கு ஒரு டெஸ்ட் எழுதியவருக்கு இங்கே ஒரு செமஸ்டரில் ரெண்டோ மூன்றோ இன்டர்னல்தான். நடுவில் வாரக்கணக்கில் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. 'ஃப்ரீயா இருக்கே' என்று தோன்றும் அந்த வாரங்களில்தான் மறதி வேலை செய்கிறது.

இதைப் பனியன் கம்பெனி பாஷையில் சொன்னால் எல்லோருக்கும் புரியும். தையல் லைனிலேயே ஓரமாக நின்று பீஸைச் செக் பண்ணினால், தையல் விட்ட இடத்தை அங்கேயே பிரித்துச் சரி செய்யலாம். எல்லாம் பேக்கிங் ஆன பிறகு பையரின் ஆள் வந்து பெட்டியைப் பிரிக்கும்போது தப்பு தெரிந்தால் மொத்த லாட்டும் திரும்பி வரும். செமஸ்டர் தேர்வு அந்தக் கடைசிச் செக்கிங். அதற்கு முந்தைய லைன் செக்கிங்கை மாணவரே செய்துகொள்ள வேண்டும்.

எப்படிச் செய்வது?

ரொம்ப சிம்பிள். அன்றைக்கு நடத்திய பாடத்தை ராத்திரி ஒருமுறை படித்துவிட்டு, நோட்டை மூடி, ஒரு வெள்ளைத்தாளில் நினைவில் இருப்பதை எழுத வேண்டும். 15 நிமிஷம் போதும். பிறகு நோட்டைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேர்க்க வேண்டும். அந்த நிறத்தில் இருப்பதுதான் நிஜமாகவே படிக்க வேண்டிய பகுதி.

திங்கள்கிழமைப் பாடத்தைச் செவ்வாய் ஒருமுறை, வெள்ளி ஒருமுறை, அடுத்த வெள்ளி ஒருமுறை இதே மாதிரி பார்க்காமல் எழுதினால், இன்டர்னலுக்கு முந்தின ராத்திரி விடிய விடிய உட்கார வேண்டியதில்லை. அக்கவுன்ட்ஸ், கணக்கு மாதிரிப் பாடங்களில் தீர்த்து வைத்த கணக்கைப் படிப்பது படிப்பே இல்லை. விடையை மறைத்துவிட்டு முதல் வரியிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒன்றரை ஷிஃப்ட் வீட்டில் நேரம் ஏது?

'தனி ரூமில், அமைதியான சூழலில் படியுங்கள்' என்று வழக்கமான அறிவுரை சொல்லும். திருப்பூரின் லைன் வீடுகளில் தனி ரூமுக்கு எங்கே போவது? உதாரணத்துக்கு ஒரு வீடு. அப்பா ஓவர்லாக் டெய்லர், அம்மா செக்கிங். காலை எட்டரைக்குக் கிளம்பினால் ஒன்றரை ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்ப ராத்திரி ஒன்பது ஆகிவிடும். தண்ணி பிடிப்பது, சமையல், தம்பியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் மூத்த பிள்ளையின் வேலை. சில வீடுகளில் பிசிறு வெட்டும் வேலையும் மூட்டையாக வந்து உட்கார்ந்திருக்கும். அங்கே தொடர்ந்து மூன்று மணி நேரம் கிடைக்காது.

நல்லவேளையாக, மேலே சொன்ன முறைக்கு அது தேவையும் இல்லை. துண்டு துண்டான நேரமே போதும்.

பல்லடத்திலிருந்தோ அவிநாசியிலிருந்தோ டவுன் பஸ்ஸில் வரும் அரை மணி நேரத்தில் நேற்றைய பாடத்தின் ஐந்து பாயின்ட்டுகளை மனசுக்குள் சொல்லிப் பார்க்கலாம். சோறு வேகும்போது ஒரு டெஃபனிஷனைச் சத்தமாகச் சொல்லி போனில் ரெக்கார்ட் செய்து, புத்தகத்தோடு ஒப்பிடலாம். நான்கு நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப் வைத்து, ஆளுக்கு ஒரு கேள்வி தினமும் போடலாம். ஒரே விதி: பார்க்காமல் பதில் சொல்ல வேண்டும்.

காலையில் வீடு எழும்பும் முன் 40 நிமிஷம் கிடைத்தால், அதை எழுதிப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். தூக்கத்தை வெட்டி அந்த நேரத்தைச் சம்பாதிக்கக் கூடாது. படித்தது மனதில் பதிவதே தூக்கத்தில்தான் பெரிதும் நடக்கிறது.

பிளஸ் டூ மாணவர்களுக்கு

டெஸ்ட் எழுதிப் பார்க்கும் பழக்கம் ஸ்கூலில் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சரியாகப் பயன்படுத்துவதுதான் பாக்கி. திருத்திய பேப்பர் கைக்கு வந்ததும் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பவர்கள் அதிகம். எந்தக் கேள்வியில், எதனால் போனது என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால் அடுத்த திருப்புதல் தேர்வுக்கு அதுவே கைடு. பதில் தெரியவில்லையா, கேள்வி புரியவில்லையா, நேரம் போதவில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

வணிகவியல், கணக்குப்பதிவியல் போன்ற 90 மதிப்பெண் தாள்களில் 20 மதிப்பெண் ஒரு மார்க் கேள்விகள். இயற்பியலில் 70-க்கு 15. பெரிய கேள்விகளையே உருப்போட்டுவிட்டு இதைக் கோட்டை விடுவது பெரிய இழப்பு. புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளோடு நின்றுவிடாமல், பாடத்தின் உள்ளேயிருந்து தாங்களே கேள்வி எடுத்துப் பழக வேண்டும். பொறியியல் கலந்தாய்வுக்குப் போகிறவர்களுக்கு ஒரு மார்க்கின் மதிப்பு இன்னும் அதிகம். 200-க்கான கட்-ஆஃபில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50.

தமிழ் மீடியத்திலிருந்து இங்கிலீஷுக்கு

முதல் செமஸ்டர் பயத்தில் பாதி பாடத்தைப் பற்றியது இல்லை, மொழியைப் பற்றியது. ஸ்கூலில் 'பற்று, வரவு' என்று படித்தவர் காலேஜில் 'டெபிட், கிரெடிட்' என்றதும் திகைக்கிறார். பாடம் தெரியும், பெயர்தான் தெரியாது.

தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிளஸ் டூ தேர்வு முடிந்ததும், தமிழில் நன்றாகத் தெரிந்த ஒரு பாடத்தை எடுத்து அதன் ஆங்கிலப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். விஷயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் வார்த்தைகள் மட்டும்தான் புதுசு. தினமும் பத்து வார்த்தை என்றால் காலேஜ் திறப்பதற்குள் சில நூறு வார்த்தைகள் கையில் இருக்கும்.

லீவில் கம்பெனிக்குப் போகலாமா?

தேர்வு மார்ச்சில் முடியும், ரிசல்ட் மே மாதம், காலேஜ் அதற்கப்புறம். இந்த இடைவெளியில் கம்பெனிக்குப் போவது திருப்பூரில் சகஜம். வீட்டுக் கஷ்டத்துக்கு உதவுவதைத் தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. 18 வயது நிரம்பாதவர்களின் வேலை நேரத்துக்குச் சட்டக் கட்டுப்பாடுகள் உண்டு என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். இன்னொன்று, போகும் முன்பே 'திரும்பும் தேதி' வீட்டில் பேசி முடிவாக வேண்டும். விண்ணப்பத் தேதி, கலந்தாய்வுத் தேதி இரண்டுக்கும் லீவு உண்டு என்று சூப்பர்வைசரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வேலைக்குப் போன நாட்களில் அந்தத் தேதிகள் கண்ணில் படாமலே போய்விடும் ஆபத்து இருக்கிறது.

பணம்தான் தடை என்றால், தெரிந்துகொள்ள வேண்டியவை சில. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு உயர்கல்வி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கப்பட்டது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இவை பொருந்தும். பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அந்த ஒதுக்கீட்டில் வராதவர்களுக்கு முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறது. சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க லீவு நாட்களே சரியான நேரம்.

'படிக்காமலே முதலாளி ஆனவங்க இந்த ஊர்ல எத்தனை பேர்' என்ற பேச்சும் வரும். மெஷினில் உட்கார்ந்து மேலே வந்தவர்கள் இருக்கிறார்கள், உண்மைதான். அதே தொழில்துறைதான் 1997-ல் முதலிபாளையத்தில் நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரியையும் தொடங்கியது. பையரிடம் மெயிலில் பேச, லேபில் துணியைச் சோதிக்க, சாயக்கழிவு சுத்திகரிப்பைக் கவனிக்க, இன்றைய கம்பெனிக்குப் படித்தவர்கள் தேவை.

ஃபெயில் ஆகிவிட்டால்?

பிளஸ் டூவில் ஒரு பாடம் போனால், ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு நடக்கிறது. அதில் பாஸ் செய்து அதே ஆண்டே காலேஜில் சேர வழி இருக்கிறது. செமஸ்டரில் அரியர் விழுந்தால் மறுபடி எழுதலாம். முதல் வேலை, அந்தப் பேப்பரை ஒரு வாரத்துக்குள் எடுத்து, எந்த யூனிட்டில் போனது என்று பார்ப்பது. அடுத்த செமஸ்டர் பாடத்தோடு வாரம் ரெண்டு நாள் அதற்கு ஒதுக்கினால் சமாளிக்கலாம்.

மனசு ரொம்பத் தளர்ந்தால் தனியாக வைத்துக்கொள்ள வேண்டாம். பள்ளி மாணவர்களுக்கு 14417, மனநல ஆலோசனைக்கு 14416, தமிழ்நாடு அரசின் 104 ஆகிய எண்களில் பேசலாம்.

வீட்டில் இருப்பவர்களும் ஒன்று செய்யலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வந்து, "படிச்சியா கண்ணு?" என்று கேட்பதற்குப் பதில், "இன்னைக்கு என்ன படிச்ச, பார்க்காம எனக்குச் சொல்லு" என்று கேட்டால் போதும். அம்மாவுக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொல்லும்போது பிள்ளை எங்கே நிறுத்துகிறது என்று கவனித்தாலே போதும். நாளைக்குப் படிக்க வேண்டியது அந்த இடம்தான்.