கிடப்பில் போட்ட வண்டியும் கெட்டுப்போன பெட்ரோலும்

கனடாவில் ஏப்ரல் வாக்கில் பனி உருகத் தொடங்கியதும் கொட்டகைகளின் கதவுகள் திறக்கும். சென்ற நவம்பரில் தார்ப்பாய் போர்த்தி நிறுத்திய ‘ஏடிவி’ வண்டிகள் வெளியே வரும். காட்டுப் பாதையிலும் சேற்றிலும் ஓடுவதற்கென்றே அகன்ற நான்கு சக்கரங்களோடு செய்யப்பட்டவை அவை. பேட்டரி நன்றாக இருக்கிறது. தொட்டியில் பாதிக்குமேல் பெட்ரோலும் இருக்கிறது. ஆனால் பொத்தானை அழுத்தினால் இயந்திரம் இருமுகிறது, ஒரு முறை உறுமுகிறது, பிறகு அடங்கிவிடுகிறது.

பனியே இல்லாத ஊரில் இருக்கும் நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? உங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு முறை போய்ப் பாருங்கள். நோன்புப் பெருநாளுக்கு முன் கடைசியாக ஓட்டிய புல்வெட்டும் இயந்திரம் அங்கே இருக்கலாம். சென்ற வெள்ளத்திற்குப் பிறகு யாரும் தொடாத ஜெனரேட்டரும் நீர் இறைக்கும் பம்பும் இருக்கலாம். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி, தண்ணீர் படியேறும் இரவில்தான் அந்தப் பம்பின் நினைவு நமக்கு வரும். அப்போது அது இருமினால் என்ன செய்வது?

பெட்ரோல் எப்படிக் கெடுகிறது?

பெட்ரோல் ஒரே பொருள் அல்ல. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை அது. சில மிக இலேசானவை, அறை வெப்பத்திலேயே ஆவியாகிவிடும். சில கனமானவை, 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால்தான் கொதிக்கும். குளிர்ந்து கிடக்கும் இயந்திரம் முதல் தீப்பொறியிலேயே பற்றிக்கொள்வதற்கு உதவுபவை இந்த இலேசான பொருள்கள்தாம். தொட்டியின் மூடி வழியாகவும் காற்றுத் துளை வழியாகவும் முதலில் தப்பித்துப் போவதும் இவைதாம். அளவைப் பார்த்தால் பெட்ரோல் அதிகம் குறைந்திருக்காது. ஆனால் எளிதில் தீப்பிடிக்கும் பகுதி போயிருக்கும்.

இரண்டாவது எதிரி காற்றிலுள்ள ஆக்சிஜன். பெட்ரோலில் அல்கீன் என்ற வகை மூலக்கூறுகள் உள்ளன. இவை ஆக்சிஜனோடு மெல்ல மெல்லச் சேர்ந்து முதலில் பெராக்சைடுகளாகவும், பிறகு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிசினாகவும் மாறுகின்றன. சமையலறையில் எண்ணெய்ச் சட்டியின் விளிம்பில் படிந்து, தேய்த்தாலும் போகாத பழுப்புப் படலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. இதைத் தாமதப்படுத்தச் சுத்திகரிப்பு ஆலையிலேயே எதிர்ப்பொருள்கள் கலக்கப்படுகின்றன. ஆனால் அவையும் காலப்போக்கில் தீர்ந்துபோகும்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இத்தகைய வேதி வினைகளின் வேகம் சுமார் இரண்டு மடங்காகும் என்பது வேதியியலில் ஒரு தோராயமான விதி. கனடாவின் கொட்டகையில் குளிர்காலத்தில் மைனஸ் 10 டிகிரி இருக்கிறது, நம் வீட்டுப் பின்பக்கம் 30 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 40 டிகிரி. இரண்டை நான்கு முறை பெருக்கினால் 16. அதாவது, ஆக்சிஜனால் பெட்ரோல் கெடும் வேகம் இங்கே பல மடங்கு அதிகம். பனிக்காலம் பெட்ரோலைக் கெடுப்பதில்லை, சொல்லப்போனால் ஓரளவு காப்பாற்றுகிறது. கெடுப்பவை காலமும் காற்றும் வெப்பமும். வெப்பம் நம்மிடம் ஆண்டு முழுவதும் இருக்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பாதி காலியான தொட்டி மூச்சு விடும். பகலில் சூடேறும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேறும். இரவில் குளிரும்போது ஈரக்காற்று உள்ளே வரும். அந்த ஈரம் தொட்டியின் சுவரில் துளித்துளியாகப் படிந்து கீழே இறங்கும்.

பெட்ரோலில் தண்ணீர் ஏறக்குறையக் கரையவே கரையாது. 20 லிட்டரில் ஒரு தேக்கரண்டி கரைவதே கடினம். மீதி அடியில் தங்கும். எத்தனால் கலந்த பெட்ரோலின் கதை வேறு. அமெரிக்காவில் விற்கப்படும் பெட்ரோலில் பெரும்பகுதி 10 விழுக்காடு எத்தனால் கலந்த ‘இ10’ வகை. எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். 20 லிட்டர் இ10 சுமார் 100 மில்லிலிட்டர் தண்ணீர் வரை தாங்கும். அதைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய்த் தேங்கும். குளிர் கூடக் கூட இந்தத் தாங்கும் அளவு குறைவதால், குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் இது நேர்வதுண்டு. எரிபொருள் குழாய் உறிஞ்சுவதோ தொட்டியின் அடியிலிருந்து. இயந்திரத்துக்குப் போய்ச் சேருவது முதலில் இந்த அடித் தண்ணீர்தான்.

மலேசியாவில் பெட்ரோலில் எத்தனால் கலக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் இங்கே விற்கப்படும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து தயாரிக்கும் பயோடீசல் கலக்கப்படுகிறது. இதுவும் சாதாரண டீசலைவிட அதிக ஈரத்தை ஈர்க்கும். தோட்டத்து வேலைக்கு வைத்திருக்கும் நான்கு சக்கர டீசல் வண்டி மாதக்கணக்கில் நின்றால், அடியில் தேங்கும் தண்ணீரும் மேலே உள்ள டீசலும் சந்திக்கும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் குடியேறும். கறுப்பு நிறத்தில் வழவழவென்று வடிகட்டியை அடைக்கும் கசடு அதுதான். நீர்பிரிப்பானின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுவது இதற்கு நல்ல மருந்து.

முடக்குவது தொட்டி அல்ல, கிண்ணம்

பலர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் சிறிய இயந்திரங்களை முதலில் முடக்குவது கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் தங்கியிருக்கும் கொஞ்சம் பெட்ரோல். அந்தக் கிண்ணம் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும். அதில் இருப்பது விரைவில் ஆவியாகி, பிசின் மட்டும் மிஞ்சும். அருகிலேயே ‘ஜெட்’ எனப்படும் பித்தளைத் துளை இருக்கிறது. இயந்திரம் மெதுவாக ஓடுவதற்கான ஜெட்டின் துளை பல மோட்டார் சைக்கிள்களில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. முடியளவு பிசின் போதும், அது அடைபட்டுவிடும்.

இன்ஜெக்டர் உள்ள வண்டிகளில் எரிபொருள் மூடிய குழாய்களுக்குள் இருப்பதால் இவ்வளவு விரைவில் கெடுவதில்லை. ஆனால் அங்கே பிசின் படிந்துவிட்டால் சுத்தம் செய்யும் செலவு அதிகம்.

என்ன செய்வது?

முதலில், பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள், கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் தொட்டியின் அடியில் இருக்கும் கசடும் தண்ணீரும் மேலும் உள்ளே போகின்றன.

அடுத்து, தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குப்பியில் வடித்து, வெளிச்சத்தில் அசையாமல் வைத்துப் பாருங்கள். நல்ல பெட்ரோல் தெளிவாக இருக்கும். அடியில் தனி அடுக்கோ உருண்டோடும் குமிழ்களோ தெரிந்தால் தண்ணீர். தேநீர் நிறத்துக்கு மாறி, வழக்கமான வாசனை போய் வார்னிஷ் போன்ற புளித்த நெடி அடித்தால் பிசின் தொடங்கிவிட்டது. குப்பியில் மூக்கை வைத்து முகர வேண்டாம். திறந்தாலே நெடி தெரியும்.

தெளிவாக இருந்து, மூன்று நான்கு மாதங்களே ஆகியிருந்தால் தொட்டியைப் புதுப் பெட்ரோலால் நிரப்பி ஓட்டலாம். நிறம் மாறியிருந்தாலோ தண்ணீர் தெரிந்தாலோ முழுவதையும் வடித்துவிட வேண்டும். மிதவைக் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து அங்கிருப்பதையும் வடித்து, வடிகட்டியையும் மாற்றுங்கள். அதன் பிறகும் கிளம்பாவிட்டால் ஜெட்டைக் கழற்றி, கார்புரேட்டர் தெளிப்பானால் சுத்தம் செய்ய வேண்டும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். ‘நிலைப்படுத்தி’ என்று கடையில் விற்கும் திரவத்தைப் பழைய பெட்ரோலில் ஊற்றிப் பயனில்லை. அது கெடுவதைத் தாமதப்படுத்துமே தவிர, கெட்டதைத் திருப்பித் தராது.

உயிரோடு விளையாட வேண்டாம்

பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரி அளவிலும் தீப்பிடிக்கக்கூடியது. காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது என்பதால் தரையோடு ஊர்ந்து போய், பத்தடி தள்ளி இருக்கும் அடுப்பையோ சிகரெட்டையோ சாமி விளக்கையோ தேடிப் பிடிக்கும். ஆகவே வடிக்கும் வேலையைத் திறந்த வெளியில், இயந்திரம் ஆறிய பிறகு செய்யுங்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம் வேண்டவே வேண்டாம். சில மில்லிலிட்டர் நுரையீரலுக்குள் போனாலே கடுமையான அழற்சி வரும்.

வடித்ததைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். கால்வாயில் கொட்டினால் ஆற்றுக்குப் போகும், வழியிலேயே தீப்பிடிக்கவும் கூடும். குப்பை எரிக்க ஊற்றினால் ஆவி ஒரே நொடியில் ‘குப்’பென்று பற்றி ஊற்றியவரையே சுடும். எரிபொருளுக்கென்றே செய்த கலனில் மூடி, கழிவு எண்ணெயை உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைக்கும் பட்டறையிடம் கேட்டுக் கொடுங்கள்.

அடுத்த முறை கெடாமல் இருக்க

இரும்புத் தொட்டி உள்ள வண்டியை நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால், விரிவதற்குச் சிறிது இடம் விட்டு, புதுப் பெட்ரோலால் நிரப்புங்கள். காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரமும் துருவும் குறையும். நிலைப்படுத்தி சேர்ப்பதாக இருந்தால் அப்போதே சேர்த்து, பத்து நிமிடம் ஓட்டினால் அது கிண்ணம் வரை போய்ச் சேரும். புல்வெட்டும் இயந்திரம் போன்ற சிறிய பிளாஸ்டிக் தொட்டிக்காரர்களுக்கு வேறு வழி: முழுவதையும் வடித்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். கலனில் வாங்கி வைக்கும் பெட்ரோலின் மேல் வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள்.

ஜெனரேட்டரையும் பம்பையும் மாதம் ஒரு முறை, வீட்டுக்கு வெளியே வைத்து, கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வெளியே என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, மூடிய இடத்தில் அது உயிரைக் குடிக்கும்.

பருவமழைக்கு முன் கூரையைப் பார்க்கிறோம், கால்வாயைத் தூர்வாருகிறோம். அந்தப் பட்டியலில் பெட்ரோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வார இறுதியில் ஒரு கண்ணாடிக் குப்பியும் பத்து நிமிடமும் இருந்தால் போதும்.