திருடனுக்கு எத்தனை வழி?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்க எத்தனை ஒழுங்கைகள்! அப்படிப் பல வழி வைத்துக் கட்டிய கணினி விளையாட்டுத்தான் 'தீஃப்'. அமெரிக்காவின் லுக்கிங் கிளாஸ் நிறுவனம் உருவாக்கிய இது 1998இல் வெளிவந்தது. இதில் நீங்கள் வீரன் அல்ல, திருடன். வாளை உருவினால் பெரும்பாலும் தோற்பீர்கள். இருட்டில் பதுங்கினால் பிழைப்பீர்கள். கம்பளத்தில் காலடி கேட்காது. இரும்புத் தரையில் நடந்தாலோ காவலாளி திரும்பிப் பார்ப்பான். தீப்பந்தத்தைத் தண்ணீர் அம்பால் அணைக்கலாம்.

2000ஆம் ஆண்டு நிறுவனம் மூடப்பட்டது. ஆனால் லெவல்களை அமைக்கும் மென்பொருள் ஏற்கெனவே இரசிகர் கைக்கு வந்திருந்தது. மாளிகை, கல்லறை, முழு நகரம் என்று அவர்களே கட்டத் தொடங்கினார்கள். விளையாட்டின் 25ஆவது வருட நிறைவையொட்டி, 2023 டிசம்பரில், அப்படி இரசிகர்கள் கட்டிய 'தி பிளாக் பரேட்' வந்தது. பத்து லெவல்கள், ஏழு வருட உழைப்பு, விலை ஒன்றுமில்லை.

விளையாடுவோர் எல்லோரும் இந்த இரசிகர் லெவல்களை ஒரே மாதிரி வரவேற்பதில்லை. எந்தப் பக்கம் போவதென்றே தெரியவில்லை என்று சலிப்பவர்கள் உண்டு. ஒரு சாவிக்காக ஒரு மணித்தியாலம் அலைந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அதே லெவலை, ஒருவர் கண்ணிலும் படாமல், ஒருவரையும் தொடாமல் முடிப்பேன் என்று தமக்குத் தாமே விதி போட்டுத் திரும்பத் திரும்ப ஆடுபவர்களும் உண்டு. கையில் கிடைக்கும் வரைபடமும் அரைகுறைதான். அதுதான் சுவையே என்பேன்.

'தி டார்க் மோட்' என்ற இன்னொரு இரசிகர் படைப்பு 2013 முதல் தனித்தே இயங்குகிறது. அதை விளையாட வேறெந்த விளையாட்டையும் வாங்கத் தேவையில்லை, நேயர்களே.