கொழும்பிலிருந்து வீடு வருபவரும் 14 நாட்களும்



தீபாவளி, பொங்கல், சித்திரை வருஷம், கோயில் திருவிழா என்றால் கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் பஸ் ஏறி வீடு வருவது வழக்கம். பேலியகொடை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை என்று கடைகளிலும் ஹோட்டல்களிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளை இல்லாத லயம் குறைவு. 2020ஆம் ஆண்டு தீபாவளிக்கு இந்த வழக்கமான பயணமே பெரிய சிக்கலாகிப் போனது.

அந்தக் கொவிட் கட்டுப்பாடுகள் இன்று நடைமுறையில் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் 2023 மே 5ஆம் திகதி அவசரநிலை முடிந்தது என்று அறிவித்து விட்டது. ஆனாலும் இனி ஒரு தொற்றுநோய் வராது என்று யாரும் எழுதித் தர முடியாது. ஆகவே அன்று இருந்த விதிகள் எதற்காக இருந்தன, லயத்தில் வாழும் நாம் அவற்றை எப்படிக் கடைப்பிடிக்கலாம் என்பதனை இங்கே விளக்குகின்றோம்.

பேலியகொடையில் நடந்தது

2020 அக்டோபர் 21ஆம் திகதி பேலியகொடை மத்திய மீன் சந்தையில் 49 பேருக்கு கொவிட் இருப்பது தெரிய வந்தது. சந்தை உடனே மூடப்பட்டது. ஆனால் அது ஊருக்கு ஊர் தொடர்புள்ள சந்தை. பல மாவட்டங்களிலிருந்தும் வியாபாரிகள் அங்கே வந்து மீன் எடுத்துப் போவார்கள். நம் மலைநாட்டு டவுன்களுக்கும் அங்கிருந்துதான் லொறி வரும். ஆகவே சந்தையை மூடும்போதே நோய் வெளியே போய் விட்டிருந்தது.

அக்டோபர் 29 நள்ளிரவு முதல் மேல் மாகாணம் முழுவதும் ஊரடங்கு போடப்பட்டது. நவம்பர் 9ஆம் திகதி அது தளர்த்தப்பட்டபோதும் பேலியகொடை பொலிஸ் பிரிவு முடக்கத்திலேயே இருந்தது. நவம்பர் 14 தீபாவளி. பண்டிகைக்கு ஆட்கள் வெளியூர் போவார்கள் என்பதனால், நவம்பர் 11ஆம் திகதி முதல் 15 வரை மேல் மாகாணத்தை விட்டு வெளியே போகவே தடை வந்தது. புதுச்சட்டை வாங்கி வைத்திருந்த எத்தனையோ பிள்ளைகள் கொழும்பிலேயே நின்று போனார்கள். அதற்கு முன்பே வந்து சேர்ந்தவர்களை 14 நாள் வீட்டிலேயே தனித்திருக்கும்படி சுகாதார அதிகாரிகள் சொன்னார்கள்.

பரிசோதனையில் "இல்லை" என்று வந்தால்?

2020 டிசம்பர் 18 முதல் மேல் மாகாணத்தை விட்டு வெளியேறும் சில இடங்களில் அன்டிஜன் பரிசோதனை நடந்தது. மூக்கில் குச்சி விட்டு எடுத்து, அரை மணித்தியாலத்துக்குள் முடிவு சொல்வார்கள். பி.சி.ஆர். பரிசோதனை இதை விட நுணுக்கமானது. ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டியதால் முடிவு வர நாள் எடுக்கும்.

"எனக்கு இல்லை என்று சொல்லி விட்டார்கள், பிறகு ஏன் வீட்டில் அடைந்து கிடக்க வேண்டும்?" என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கிருமி உடம்புக்குள் போன உடனே பரிசோதனையில் தெரியாது. பெரும்பாலானவர்களுக்கு ஐந்தாறு நாளில் அறிகுறி தெரியும். சிலருக்கு 14 நாள் வரையும் போகலாம். "இல்லை" என்ற முடிவு பரிசோதித்த அந்த நாளுக்கு மட்டுமே உரியது. நாளைக்கு அது பொறுப்பாகாது. 14 நாள் கணக்கு வந்தது இதனால்தான்.

மறைத்தால் என்ன நடக்கும்?

இராத்திரியோடு வந்து காம்பராவுக்குள் இருந்து கொண்டால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தவர்களும் உண்டு. வீட்டை மூடினால் எல்லாருக்கும் பேர் போகுமே என்ற பயம் ஒரு பக்கம். "கொரோனா கொண்டு வந்தவன்" என்ற பேச்சுக்குப் பயம் மறு பக்கம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். வந்த அன்றே சொன்னால் ஒரு வீடு மட்டும் தனித்திருக்கும். மறைத்து, ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தால்? அதற்குள் பிள்ளை பீலிக்குப் போயிருப்பான். அம்மா பெரட்டுக்கும் கொழுந்து நிறுக்கவும் போயிருப்பார். தங்கச்சியின் குழந்தை பிள்ளைக் காம்பராவுக்குப் போயிருக்கும். பிறகு ஒரு வீட்டோடு முடியாது. லயமே, சில வேளை டிவிஷனே முடங்கும். ஒரு வீட்டின் பேரைக் காப்பாற்றப் போய் ஐம்பது வீட்டின் பேர் போகும்.

லயத்தில் தனித்திருப்பது எப்படி?

"தனி அறை, தனிக் கழிவறை" என்று அறிவித்தல்களில் எழுதியிருந்தார்கள். ஒரு காம்பராவில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் அதற்கு எங்கே போவது? இருக்கிற இடத்தில் செய்யக் கூடியவை இவை:

1. வருவதற்கு முன்பே தொலைபேசியில் சொல்லச் சொல்லுங்கள். தாத்தா, பாட்டி, கைக்குழந்தை, கர்ப்பிணி இருந்தால் அவர் வருவதற்கு முன்னரே உறவினர் வீட்டுக்கு அனுப்புங்கள். வந்த பிறகு அனுப்பினால் நோயையும் சேர்த்து அனுப்பியதாகி விடும்.

2. இஸ்தோப்பில் படங்கு கட்டி மறைத்து வந்தவருக்குப் படுக்கை போடலாம். மழை, குளிர் என்றால் காம்பராவை அவருக்கு விட்டு, மற்றவர்கள் குசினிப் பக்கம் படுக்கலாம். ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

3. தட்டு, கோப்பை, துவாய் வேறாக இருக்கட்டும். சாப்பாடு கொடுப்பது ஒருவர் மட்டும். இருவரும் வாயையும் மூக்கையும் மூடிக் கொள்ள வேண்டும்.

4. கழிவறை பொதுவானது என்றால் அவர் கடைசியாகப் போய், சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிக் கழுவி விட வேண்டும். பீலிக்குப் போக வேண்டாம். தண்ணீர் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

5. மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், மயக்கம் வந்தால் 14 நாள் முடியட்டும் என்று இருக்கக் கூடாது. 1990 இலக்கத்துக்குப் பேசினால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

நம் எல்லோரின் கடமை

தனித்திருக்கும் வீட்டுக்கு அடுப்பு எரிய வேண்டும். 2020இல் அப்படித் தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு 10,000 ரூபா பெறுமதியான உலர் உணவுப் பொருட்கள் அரசாங்கத்தால் ஒதுக்கப்பட்டன. இப்படியான உதவிக்குப் பெயர்ப் பட்டியல் வேண்டும். ஆகவே முதல் நாளே தோட்ட வைத்தியசாலைக்கும், பொது சுகாதாரப் பரிசோதகருக்கும், கிராம உத்தியோகத்தருக்கும், நலன்புரி உத்தியோகத்தர்களாகிய எங்களுக்கும் தெரிவியுங்கள். மறைத்த வீட்டின் பெயரைப் பட்டியலில் சேர்க்க எங்களாலும் முடியாது.

அயல் வீட்டார் செய்ய வேண்டியதும் உண்டு. ஒரு குடம் தண்ணீர், ஒரு கட்டு விறகு, கடைச் சாமான் வாசற்படியில் வைத்து விட்டு வரலாம். முக்கியமாக, வந்த பிள்ளையைக் குற்றவாளி போல் பேச வேண்டாம். அவன் நோயைத் தேடிப் போகவில்லை. வீட்டுக்கு நாலு காசு அனுப்பத்தான் கொழும்புக்குப் போனான். உள்ளதைச் சொன்னவரை நாம் ஏசினால், அடுத்து வருபவர் சொல்ல மாட்டார். சொன்னவருக்குத் துணையாக நின்றால் அடுத்தவருக்கும் சொல்லத் தைரியம் வரும். லயத்தைக் காப்பாற்ற அதுவே முதல் வழி என்பதனை ஒவ்வொரு வீட்டிலும் பேசிக் கொள்ளுமாறு கேட்டுக் கொள்கின்றோம்.