இடம்பெயர்ந்த குடும்பத்து வீரரும் சலுகையில் வராத ஒலிம்பிக் இடமும்

புதுதில்லி: 2024-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதுப் பட்டியலை மத்திய விளையாட்டு அமைச்சகம் 2025 ஜனவரியில் வெளியிட்டபோது, நீச்சல் வீரர் சஜன் பிரகாஷின் பெயரும் அதில் இருந்தது. விருதுக்குரிய சாதனையை அவர் நிகழ்த்தி அப்போது மூன்றரை ஆண்டுகள் கடந்துவிட்டன.

சஜன் 1993-இல் கேரளத்தின் இடுக்கியில் பிறந்தவர், வளர்ந்தது நெய்வேலியில். தடகள வீராங்கனையான தாய் ஷான்டிமோலுக்கு நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில் வேலை கிடைத்ததால் குடும்பம் தமிழகத்துக்கு இடம்பெயர்ந்தது. பல மாநிலத்தவர் பிழைப்புக்காக வந்து கலந்து வாழும் நகரியம் அது. பொதுத்துறை நிறுவனம் தன் ஊழியர்களுக்காகக் கட்டிய நீச்சல் குளத்தில்தான் சஜன் நீந்தப் பழகினார். பின்னர் பெங்களூரில் பயிற்சி பெற்றார். தேசியப் போட்டிகளில் பிறந்த மாநிலமான கேரளத்துக்காக நீந்தி, 2015 தேசிய விளையாட்டில் 6 தங்கமும் 3 வெள்ளியும் வென்றார்.

2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். ஆனால் அது சலுகையில் கிடைத்த இடம். உலக நீச்சல் சம்மேளனம் 'ஏ' தகுதி நேரம் என ஒன்றை நிர்ணயிக்கிறது. அதை எட்டியவருக்கு ஒலிம்பிக்கில் நீந்துவது உரிமை. அவ்வாறு யாரும் எட்டாத நாடுகளுக்கு, பங்கேற்பு பரவலாக இருக்க வேண்டும் என்பதற்காக ஓரிரு இடங்கள் தரப்படுகின்றன. நூறு கோடிக்கு மேல் மக்கள் வாழும் இந்தியாவும் இந்த வரிசையில்தான் நின்றது.

2018 ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு நடந்த நேரத்தில் கேரளத்தை வெள்ளம் சூழ்ந்தது. இடுக்கியில் இருந்த உறவினர்கள் சிலரைப் பற்றித் தகவல் இல்லாத நிலையிலும் சஜன் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலின் இறுதிச் சுற்றில் நீந்தி, தேசிய சாதனையுடன் ஐந்தாம் இடம் பெற்றார். இதே பிரிவில் 1986 சியோல் போட்டியில் தில்லியின் கஜான் சிங் வெள்ளி வென்ற பிறகு, இறுதிச் சுற்றை எட்டிய முதல் இந்தியர் அவரே.

அடுத்து வந்தது கழுத்துத் தண்டுவடத் தட்டுக் காயம். கையைத் தூக்கவே சிரமப்பட்ட காலத்தில் கரோனா பொதுமுடக்கமும் சேர்ந்துகொண்டது. அப்போது அவர் தாய்லாந்தின் புகெட்டில் இருந்தார். இந்தியாவில் வீரர்களின் பயிற்சிக்குக்கூட 2020 அக்டோபர் மத்தியில்தான் குளங்கள் திறக்க மத்திய அரசு அனுமதித்தது. அதுவரை காத்திராமல் ஆகஸ்டிலேயே துபாய் சென்று, பயிற்சியாளர் பிரதீப் குமாரிடம் மீண்டும் தொடங்கினார் சஜன். மறுவாழ்வு என்றே அதைச் சொல்ல வேண்டும்.

டோக்கியோவுக்கான 'ஏ' நேரம் 1 நிமிடம் 56.48 விநாடி. 2021 ஜூனில் பெல்கிரேடில் தங்கம் வென்றும் 56.96 விநாடியில் நின்றது கடிகாரம். சில நாள்களில் ரோம் நகரில் கடைசி வாய்ப்பு. அங்கு அவர் எடுத்துக்கொண்டது 1 நிமிடம் 56.38 விநாடி. 0.10 விநாடி வித்தியாசத்தில், ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரரானார். அடுத்த நாளே ஸ்ரீஹரி நடராஜும் 100 மீட்டர் மல்லாந்த நீச்சலில் தகுதி நேரத்தை எட்டினார்.

டோக்கியோவில் சஜன் 1 நிமிடம் 57.22 விநாடியில் 24-ஆவது இடம் பெற்றார், அரையிறுதிக்கு முன்னேறவில்லை. இந்த இடைவெளியை மறைப்பதற்கில்லை. ஆனால் அதைவிடக் கவலைக்குரியது பின்னர் நடந்தது. 2024 பாரீஸ் ஒலிம்பிக்குக்கு இந்தியர் ஒருவர்கூட 'ஏ' நேரத்தை எட்டவில்லை. ஸ்ரீஹரியும் 14 வயது தினிதி தேசிங்குவும் சென்றது மீண்டும் சலுகை இடங்களில்தான்.