ஆக்சலோட்டிலுக்கு என்ன உணவு?

தவளைக்கும் தேரைக்கும் உறவாகிய, ஆனால் ஆயுள் முழுவதும் வால் உதிராத நீர்ப்பிராணி ஒன்று அண்மைக் காலமாக நம் நாட்டு வண்ணமீன் தொட்டிகளில் இடம் பெற்று வருகிறது. ஆக்சலோட்டில் என்பது அதன் பெயர். அகன்ற தலை, சிரிப்பது போன்ற வாய், கழுத்தின் இரு புறமும் சிறகு போல் விரிந்த மும்மூன்று செவுள்கள். ஒரு முறை பார்த்தவர் மறக்கமாட்டார். 2021ஆம் ஆண்டு மைன்கிராப்ட் என்னும் கணினி விளையாட்டில் இதனைச் சேர்த்தபின் சிறுவர்களிடையே இதன் புகழ் பரவிவிட்டது. அவ்விளையாட்டில் இதற்கு வெப்பமண்டல மீனைத் தீனியாகக் கொடுப்பார்கள். உயிருள்ள ஆக்சலோட்டிலுக்கு எதைக் கொடுப்பது?

இக்கேள்விக்கு விடை தேடுமுன் கையில் ஒரு வெப்பமானியை எடுத்துக் கொள்ளுங்கள். இப்பிராணியின் தாயகம் மெக்சிகோ நகரின் தென்பகுதியிலுள்ள சோச்சிமில்கோ ஏரியும் கால்வாய்களும் ஆகும். அவ்விடம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில், அதாவது நம் உதகமண்டலத்தின் உயரத்தில் இருக்கிறது. 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நீர் இதற்கு மிகவும் ஏற்றது. 24 டிகிரியைத் தாண்டினால் துன்புறத் தொடங்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் உத்திரமேரூரில் நிழலிலேயே வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. வீட்டிற்குள் இருக்கும் தொட்டி நீரும் 30 டிகிரிக்குக் குறையாது.

வெப்பநிலைக்கும் உணவுக்கும் என்ன தொடர்பு? 18 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9.5 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியிலோ சுமார் 7.5 மில்லிகிராம் மட்டுமே. குளிர்இரத்தப் பிராணிகளின் உடலில் நிகழும் வேதிவினைகளின் வேகம், வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் ஏறத்தாழ இரு மடங்காகும். தேவை ஏறுகிறது, இருப்பு இறங்குகிறது! இந்நிலையில் தீனியையும் அள்ளிப் போட்டால் எஞ்சியது அழுகும். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்ற பிராணவாயுவையும் பங்கு கேட்கும். கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியா, மெல்லிய செவுள்களை அரிக்கும். கோடையில் ஆக்சலோட்டில் உண்ண மறுத்தால், தீனி பிடிக்கவில்லை என்று கடைக்கு ஓடி வேறு தீனி வாங்கி வருவோர் உண்டு. மாற்ற வேண்டியது தீனியை அன்று, நீரின் வெப்பநிலையை. நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறிக் காற்றை வீசச் செய்தால், மண்பானை நீர் குளிர்வது போல ஆவியாதலால் சில டிகிரி குறையும். நம் ஊர்க் கோடைக்கு அது போதாது. குளிரூட்டும் கருவி வேண்டியிருக்கும். அதற்கு வசதியில்லாதவர் இப்பிராணியை வாங்காமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து.

இனி, அதன் வாயைப் பார்ப்போம். ஆக்சலோட்டிலுக்குப் பற்கள் உண்டு. ஆனால் அவை இரையைப் பற்றிக்கொள்ளத்தான் உதவும், கடித்து மெல்ல உதவா. பழைய மைப்பேனாவின் ரப்பர் குழாயை அழுத்திப் பின் விட்டால் மை உள்ளே ஏறுகிறதல்லவா? அதே தத்துவம் இங்கும் செயல்படுகிறது. இரை அருகில் வந்ததும் வாயைத் திறந்து, வாயின் அடித்தளத்தைச் சட்டென்று கீழே இறக்குகிறது. உள்ளே கனஅளவு பெருகுகிறது, அழுத்தம் குறைகிறது. வெளியிலுள்ள நீர் இரையையும் இழுத்துக்கொண்டு பாய்கிறது. கண்ணிமைக்கும் நேரத்திற்குள் எல்லாம் முடிந்துவிடும். இவ்வாறு உறிஞ்சும்போது கூழாங்கல் அருகிலிருந்தால் அதுவும் உள்ளே போய்க் குடலை அடைக்கலாம். ஆகவே தொட்டியின் அடியில் சிறு கற்களைப் பரப்பாதீர்கள். தீனித் துண்டு பிராணியின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தை மிஞ்சக் கூடாது.

மென்மையாகவும், வழுக்கிக்கொண்டு உள்ளே செல்வதாகவும், புரதம் மிக்கதாகவும் உள்ள இரை எது? நம் காலடியில் கிடக்கும் மண்புழுதான்! அதில் ஓரளவு சுண்ணாம்புச் சத்தும் உண்டு. ஆனால் எல்லா மண்புழுவும் ஒன்றல்ல. மண்புழு உரம் தயாரிப்போர் வளர்க்கும் ஐசீனியா பெடிடா என்னும் சிவப்புப் புழு, தொந்தரவு செய்தால் கசப்பான மஞ்சள் நீரைச் சுரக்கும். பல ஆக்சலோட்டில்கள் அதை வாயில் வைத்த உடனே துப்பிவிடும். அதே உரத்தொட்டிகளில் வளர்க்கப்படும் யூட்ரிலஸ் என்ற ஆப்பிரிக்கப் புழுவை விரும்பி உண்ணும். மழைக்குப்பின் வரப்பில் தோண்டியும் எடுக்கலாம். ஆனால் பூச்சிமருந்து தெளித்த நெல் வயலாக இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். மருந்தில் ஊறிய புழு நமக்குச் சாதாரணமாகத்தான் தெரியும். புழுவை நன்றாகக் கழுவி, பெரிதாயின் நறுக்கிக் கொடுங்கள்.

முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்த குஞ்சுகள் அசையாத தீனியைத் திரும்பியும் பார்க்கமாட்டா. அவற்றுக்கு உயிருள்ள டாப்னியாவும், ஆர்ட்டீமியா குஞ்சுகளும் தேவை. ஆர்ட்டீமியா, தூத்துக்குடி உப்பளங்களிலும் காணப்படும் சிறு இறால் வகை உயிரி. சற்று வளர்ந்தபின் இரத்தப்புழுவும் கொசுப்புழுவும் உதவும். குஞ்சுகளைப் பட்டினி போட்டால் ஒன்றன் காலை மற்றொன்று கடித்துவிடும். இழந்த கால் மீண்டும் முளைக்கும் என்பது இப்பிராணியின் புகழ்பெற்ற ஆற்றல்தான். எனினும் அதைச் சோதிக்க நாம் காரணமாக வேண்டாமே!

பொன்மீன் போன்ற கெண்டை இனங்களில் தயமின் என்னும் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி உள்ளது. அவற்றையே தொடர்ந்து கொடுத்தால் சத்துக்குறைவு நேரும். ஏரியில் பிடித்த மீனும் தலைப்பிரட்டையும் ஒட்டுண்ணிகளைக் கொண்டு வரக்கூடும். ஈரலிலும் கறியிலும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. நீரில் மூழ்கும் மாமிசத் தீனிக் குருணைகள் அவசரத்திற்குப் பரவாயில்லை.

உணவு ஓர் உயிரின் உருவத்தையே மாற்றுமா? ஆக்சலோட்டில் விஷயத்தில் மாற்றியது. 1920ஆம் ஆண்டு ஜூலியன் ஹக்ஸ்லி என்ற ஆங்கில உயிரியலார், மாட்டின் தைராய்டு சுரப்பியை இவற்றுக்கு உண்ணக் கொடுத்தார். ஆயுள் முழுவதும் குஞ்சு வடிவத்திலேயே வாழ வேண்டிய அவை செவுள்களை இழந்து, நிலத்தில் ஊர்ந்து, காற்றைச் சுவாசிக்கும் சாலமாண்டர்களாக மாறிவிட்டன! தலைப்பிரட்டையைத் தவளையாக்கும் அதே சுரப்பிநீரின் வேலை இது. கறிக்கடையில் கிடைக்கும் தொண்டைப் பகுதித் துண்டுகளை இதற்குப் போடக்கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

இன்னொரு செய்தி. ஆக்சலோட்டில் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படியும், 2024இல் வந்த விதிகளின்படியும் இத்தகைய உயிரினத்தை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும்.

குஞ்சுகளுக்கு நாள்தோறும் தீனி தேவை. வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை ஓரிரு புழுக்கள் போதும். இது இரவில் இரை தேடும் பிராணி. எனவே விளக்கணைக்கும் நேரத்தில், இடுக்கியால் புழுவைப் பிடித்து மூக்கருகே மெல்ல அசையுங்கள். ஒரு மணி நேரத்தில் உண்ணாமல் கிடப்பதை எடுத்துவிடுங்கள்.