பதினேழாவது தடவை மோகனாம்பாள்

ஏரிக்கரைப் பக்கம் எளாவூரிலிருந்து எழுதுகிறேன்.

"பார்த்த படத்தையே இன்னாத்துக்கு மறுபடி பாக்குறே?" என்று எங்கள் வீட்டில் என்னைக் கேட்காத ஆளே கிடையாது. படம் 'தில்லானா மோகனாம்பாள்'. எண்ணிப் பார்த்தால் இதுவரை பதினேழு தடவை ஆகியிருக்கும். டி.வி.யில் போட்டால் அன்றைக்கு மீன் குழம்பு கொஞ்சம் லேட்தான்!

படம் வந்தது 1968-ல். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதையை ஏ.பி. நாகராஜன் படமாக எடுத்தார். இசை கே.வி. மகாதேவன். அந்த வருஷம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் இதற்குத்தான். சிவாஜி கன்னம் உப்ப, கழுத்து நரம்பு புடைக்க ஊதுவதைப் பார்த்து அவரே வாசிக்கிறார் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். நிஜமாக வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். தெரிந்த பிறகும் எனக்கு சிவாஜி வாசிப்பதாகத்தான் தோன்றுகிறது, என்ன செய்ய!

முதல் தடவை பார்த்தது சின்னப் பிள்ளையில், கோயில் திருவிழாவுக்கு டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்து போட்டபோது. அப்போது நாகேஷின் சவடால் வைத்திக்காக மட்டும் முழித்திருந்தேன். மோகனா ஆடினால் தூங்கிவிடுவேன். கல்யாணத்துக்கு முன்னால் பார்த்தபோது வைத்தி காணாமல் போய், மோகனா வந்துவிட்டாள். சண்முகசுந்தரத்தின் கையில் காயம் பட்ட பிறகு, சபையில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, பாட்டிலேயே அவனை நலம் விசாரிப்பாளே, அந்த இடம்! பத்மினியின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கலாம். பாடியது பி. சுசீலா.

இரண்டு பிள்ளை பெற்ற பிறகு எனக்குப் பிடித்தது ஜில் ஜில் ரமாமணி. மனோரமா சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். ஆனால் அந்தப் பெண் தன் காலில் நின்று, ஆடிச் சம்பாதித்துச் சாப்பிடுகிறவள். மோகனாவின் அம்மா வடிவாம்பாளையும் முன்போல் திட்ட முடியவில்லை. பணக்காரனிடம் மகளைத் தள்ளப் பார்ப்பது தப்புதான். அவளும் எந்தப் பசியைப் பார்த்து பயந்தாளோ!

சண்முகசுந்தரத்தின் மேல்தான் எனக்குக் கோபம் வர ஆரம்பித்தது. பெரிய வித்வான், ஆனால் மோகனாவை யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் போதும், அவளிடம் கேட்கவே மாட்டான், முகத்தைத் திருப்பிக்கொள்வான். கடைசியில் மகாராஜா விஷயத்திலும் அப்படித்தான்.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். மகளிர் குழுவில் கணக்கு நான் பார்க்கிறேன். மாதம் இரண்டு தடவை பேங்குக்குப் போக வேண்டும். "உன் பெண்டாட்டி அடிக்கடி டவுனுக்குப் போகுதே" என்று யாரோ என் வீட்டுக்காரர் காதில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் சரியாகப் பேசவில்லை. ஏரியில் எங்களுக்குப் பாடு வந்த நாட்களில் இறால் கொண்டு வந்து வைப்பார், வலையை உதறுவார், படுத்துவிடுவார். மூன்று மாதம் நான் பேங்குக்குப் போகாமல் வேறு ஒருத்தியை அனுப்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் படம் போட்டான். அவர் வாசலோரம் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். மோகனாவை அவன் சந்தேகப்படுகிற இடம் வந்தது. "பாவம் அந்தப் பொண்ணு. இன்னா நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேக்குறானா பாரு" என்றார், என்னைப் பார்க்காமலே.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா அவரைப் பார்த்தேன். அவர் வலைக்கண்ணைத் தேட ஆரம்பித்துவிட்டார்! மாமியார்தான், "ஊசியைக் கையில குத்திக்காதேடா" என்றார்கள்.

அதற்கப்புறம் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. மறு வாரம் நான் பாஸ் புத்தகத்தைப் பையில் வைத்தபோது எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னார்.

என் மாமியார் இந்தப் படத்தை டூரிங் கொட்டாயில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தவர். தவில்காரர் முத்துராக்காக வரும் டி.எஸ். பாலையாவைப் பார்த்தால் இன்றைக்கும் பல் தெரியச் சிரிப்பார். என் மகளோ செல்போனில் பாட்டை மட்டும் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள். முழுப்படமும் உட்கார்ந்து பார்க்க இப்போது அவளைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். வைத்தி வரைக்கும் வந்திருக்கிறாள்.

கதையைப் புத்தகமாகப் படித்த தோழிகள் யாராவது இருந்தால், அதில் ஜில் ஜில் ரமாமணி எப்படி வருகிறாள் என்று எழுதுங்களேன். எங்கள் ஊரில் புத்தகம் கிடைக்கவில்லை.

- ஒரு வாசகி, எளாவூர்.