திரும்ப முழிப்பேனா டாக்டர்?

சேந்தமங்கலத்திலிருந்து ஹெர்னியா ஆபரேஷனுக்கு நாமக்கல் பஸ் ஏறும் ஆசாமிக்குக் கத்தியைவிட மயக்க ஊசியில்தான் பயம். ''திரும்ப முழிப்பேனா?''

1846-ல் பாஸ்டனில் ஈதர் மயக்கம் அறிமுகமாகும்வரை நாலு பேர் அமுக்கிப் பிடித்துத்தான் அறுவை! இன்று ரகம் ரகமாக இருக்கிறது.

முழு மயக்கம்: நினைவே இருக்காது, பெரும்பாலும் மூச்சுக்குக் குழாய் உண்டு. முதுகில் ஊசி: இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், டாக்டர்கள் பேசுவது காதில் விழும். ஹெர்னியாக்காரர்கள் பலருக்கு இதுதான். செடேஷன்: எண்டோஸ்கோபி மாதிரி வேலைகளுக்கு அரைத்தூக்கம், தட்டிக் கூப்பிட்டால் 'ம்' என்பீர்கள்.

எதுவானாலும் மயக்க டாக்டர் கடைசிவரை பக்கத்திலிருந்து மூச்சையும் நாடியையும் பார்த்துக் கொள்வார். நீங்கள் செய்ய வேண்டியது? சாப்பாட்டை 6 மணி நேரம், வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். 'ஒரு டீதானே' என்று திருட்டுத்தனமாகக் குடித்தால் அது மேலேறி நுரையீரலில் இறங்கலாம், உயிருக்கே உலை! பீடி, குவார்ட்டர் கணக்கையும் மறைக்காதீர்கள். சம்சாரத்தை வெளியே அனுப்பிவிட்டாவது சொல்லிவிடுங்கள், சார்!